மகாராணியின் வாளியில் பதினேழு கோழிகள்

குதிரை இருக்கிற இடத்தில் கோழியும் வளர்க்கலாமா என்று யாருக்காவது சந்தேகம் வந்தால் லாயத்தம்மாவைப் போய்க் கேட்கலாம். போகிறவர்கள் வீட்டில் சொல்லிவிட்டுப் போவது நல்லது. சாயங்காலத்துக்குள் திரும்பி வர முடியாது. அவளுக்குக் கோழியைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இருந்தது.

லாயத்தில் ஏழு குதிரைகள். அதில் ஆறு ஊரார் குதிரைகள். சொந்தக்காரர்கள் வாரத்துக்கு ஒரு தடவை வருவார்கள், கழுத்தைக் கட்டிக்கொண்டு படம் எடுப்பார்கள், "என் செல்லமே" என்று கொஞ்சுவார்கள், காரில் ஏறிப் போய்விடுவார்கள். மிச்ச நாளெல்லாம் அந்தச் செல்லங்களுக்குச் சாணி அள்ளுவது, தண்ணீர் காட்டுவது, குளம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்வது எல்லாம் லாயத்தம்மாவின் பாக்கியம். ஏழாவதுதான் அவளுடைய சொந்தக் குதிரை. சாம்பல் நிறத்துப் பெட்டை, வயது இருபத்தெட்டு, பெயர் மகாராணி. லாயம் என்று ஒன்று ஆரம்பித்ததே அந்த ஒரு குதிரையை வைத்துத்தான். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் புருஷன் காதில் ஒரு தடவைகூட விழாத கொஞ்சல் வார்த்தையெல்லாம் மகாராணி காதில் தினம் ரெண்டு வேளை விழுந்தது.

அந்தப் புருஷன் தபால் நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் இன்னும் போஸ்ட்மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்ற மறுநாளே லாயத்தில் கூடமாட ஒத்தாசை செய்கிறேன் என்று கிளம்பி வந்தார். அந்த ஒத்தாசை ஒன்பது நாள் நீடித்தது. ஒன்பதாம் நாள் கறுப்புக் குதிரையின் சேணத்தைச் செவலைக் குதிரைக்குக் கட்டி, அதன் முதுகு உரசிப் புண்ணாகி, அதன் சொந்தக்காரி வந்து கண்ணீர் விட்டு, பெரிய ரகளையாகிவிட்டது. அன்றைக்குத்தான் லாயத்தின் முதல் சட்டம் பிறந்தது. குதிரை விஷயத்தில் போஸ்ட்மாஸ்டர் வாயைத் திறக்கக் கூடாது. மூட்டை தூக்கலாம், வேலி கட்டலாம், குழாய் திறக்கலாம், மூடலாம். அபிப்பிராயம் மட்டும் சொல்லக் கூடாது. அவரும் சரி என்று தலையாட்டிவிட்டார். முப்பத்தாறு வருஷம் அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்த மனுஷனுக்கு இது ஒரு பெரிய கஷ்டமா என்ன.

ஆனால் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஒருநாள் காலை ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெட்டிக்குள் கீச்கீச் என்று ஒரே சத்தம். கோழி சாணிக் குவியலைக் கிளறிப் புழுவைத் தின்னும், ஈ பெருகாது, முட்டையும் கிடைக்கும் என்று நிதானமாக விளக்கினார். இது குதிரை விஷயம் இல்லை, கோழி விஷயம்தானே என்று சட்டத்தில் இருந்த ஓட்டையையும் மனுஷன் முன்கூட்டியே கண்டுபிடித்து வைத்திருந்தார். லாயத்தம்மாவுக்குப் பதில் சொல்ல வரவில்லை. அது அவளுக்குப் பழக்கமில்லாத அனுபவம்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கோழிகளின் ராஜ்ஜியம். பதினாறு பெட்டையும் ஒரு சேவலும். அவற்றுக்கென்று போஸ்ட்மாஸ்டர் மூன்று வாரம் உழைத்து, சன்னல் எல்லாம் வைத்து, மரத்தில் ஒரு கூண்டு கட்டினார். அந்தக் கூண்டை அவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வளர்ந்து முட்டையிடும் பருவம் வந்ததும் அதற்குச் சேண அறையில் தொங்கிய ஹெல்மெட்டைத் தேர்ந்தெடுத்தன. அதுவும் லாயத்துக்கு வருகிறவர்களிலேயே அதிகம் கோபப்படுகிற வக்கீலம்மாவின் ஹெல்மெட். அவள் பார்க்காமல் எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்ட அன்றைக்கு என்ன நடந்தது என்பதை விவரிக்க வேண்டியதில்லை. மஞ்சள் கரு தலைமுடிக்கு நல்லது என்று போஸ்ட்மாஸ்டர் ஆறுதல் சொன்னது நிலைமையைச் சரிசெய்யவில்லை.

பயிற்சி வளையத்தில் மணலைச் சல்லடை போட்டுச் சலித்து, தண்ணீர் தெளித்து, சமமாக்கி வைப்பாள் லாயத்தம்மா. அரை மணி நேரத்தில் பதினேழு பேரும் வந்து ஆளுக்கொரு குழி பறித்து மண் குளியல் போடுவார்கள். குதிரையின் முதுகில் கோழி, வேலியின் மேல் கோழி, துடைத்து வைத்த சேணத்தின் மேல் கோழி. உட்கார்ந்த இடத்தில் சும்மா உட்காருமா? அடையாளம் வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்கும். சேவலுக்கு ஆபீசர் என்று பெயர் வந்தது, ஏனென்றால் அது எந்த வேலையும் செய்யாமல் எல்லா அறைக்குள்ளும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். லாயத்தம்மாவின் ரப்பர் பூட்ஸை மட்டும் அதற்கு ஏனோ கண்டாலே ஆகாது. பாய்ந்து வந்து கொத்தும்.

பலனே இல்லையா என்றால், இருந்தது. ஈ குறைந்தது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் இந்த வருஷத்துக் காற்று என்று லாயத்தம்மா தீர்ப்பு எழுதிவிட்டாள். முட்டையும் கூடை கூடையாக வந்தது. தினம் காலை ரெண்டு முட்டையை வெங்காயம் போட்டுப் பொரித்துச் சாப்பிட்டுக்கொண்டேதான் கோழிகளைத் திட்டுவாள். சாப்பாட்டு நேரத்தில் திட்டு இன்னும் தெம்பாக வந்தது.

இதெல்லாம் பொறுத்துப்போகிற சங்கதிதான். பொறுக்க முடியாதது ஒன்று வந்தது. மகாராணி மெலிய ஆரம்பித்தாள்.

முதலில் இடுப்பெலும்பு தெரிந்தது. அப்புறம் விலா. ரெண்டு மாதத்தில் கழுத்துச் சதை வற்றி, தோல் தொங்கிவிட்டது. வயதான குதிரை என்பதால் அவளுக்கென்று தனித் தீவனம், தனி டிரம். முதல்நாள் சாயங்காலமே தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, காலையில் வாளியோடு கொட்டிலில் மாட்டிவிடுவாள் லாயத்தம்மா. நன்றாகத் தின்றுகொண்டிருந்த குதிரைதான். இப்போது வைத்துவிட்டு, மற்ற ஆறுக்கும் வைத்துவிட்டுத் திரும்பிவந்து பார்த்தால், வாளிக்கடியில் மூன்று கோழி கொத்திக்கொண்டிருக்கும், வாளி விளிம்பில் ஒரு கோழி தலையை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். ஆபீசர் நடுவில் நின்று மேற்பார்வை பார்ப்பார். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கிழட்டுக் குதிரையின் வாயில் இருந்து பிடுங்கித் தின்கிறது இந்தத் திருட்டுக் கும்பல் என்று முடிவு கட்டினாள். வீட்டில் டாக்டரைக் கூப்பிடலாமா என்று ஒரு பேச்சு வந்தது. காரணம் கண்ணுக்கு முன்னால் ரெக்கை அடித்துக்கொண்டு திரியும்போது டாக்டர் எதற்கு?

சத்தியமாக அவளுக்குப் பயமாக இருந்தது. வெளியில் கோபமாக வந்ததெல்லாம் உள்ளே பயம்தான். இருபத்தெட்டு வயதுக் குதிரை மெலிந்தால் திரும்பி ஏறாது என்று நிறையப் பேர் சொல்லக் கேட்டிருக்கிறாள். தினமும் அந்த விலாவெலும்பைக் கையால் தடவிப் பார்ப்பாள். விரல் பள்ளத்தில் இறங்கும். உடனே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கோழியை விரட்டக் கிளம்பிவிடுவாள்.

வெள்ளிக்கிழமை கெடு வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குக் கோழிக்காரர் கூண்டு வண்டியோடு வருகிறார், பதினேழும் ஏறிப் போகிறது, மறுபேச்சுக்கு இடமில்லை. போஸ்ட்மாஸ்டர் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். வெளியே போய்க் கூண்டின் சன்னலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். காலி செய்யப்போகிற கூண்டுக்கு எதற்கு எண்ணெய் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை என்றால் அந்த லாயத்தில் சுத்தம் செய்கிற நாள். தீவன அறையில் ஒரு அட்டை தொங்கும்: தரையில் மூட்டை வைக்கக் கூடாது. எல்லாம் டிரம்மில், எல்லாவற்றுக்கும் மூடி, மூடியெல்லாம் வாராவாரம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இந்தச் சட்டங்களையெல்லாம் இயற்றியவள் யார் என்று சொல்ல வேண்டாம். அன்று காலை உள்ளே நுழைந்தால் தரையில் ஒரு மூட்டை. போஸ்ட்மாஸ்டர் கோழிகளுக்கு வாங்கிய தீவனம். அதிலும் எலி ஓட்டை போட்டு, கொஞ்சம் தரையில் சிந்திக் கிடந்தது.

லாயத்தம்மாவுக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. பக்கத்தில் மகாராணியின் டிரம் காலியாக இருந்தது. முந்தின நாள்தான் தீர்ந்திருந்தது, புதுத் தீவனம் மத்தியானம் வர வேண்டும். அதுவரைக்கும் இதில் கிடக்கட்டும், நாளைக்குக் கோழியோடு சேர்த்து இதையும் ஏற்றி அனுப்பிவிடலாம் என்று மூட்டையைத் தூக்கி அப்படியே டிரம்மில் கவிழ்த்தாள். மூடியில் சாக்பீஸால் "கோழி" என்று பெரிதாக எழுதினாள். காலிச் சாக்கைக் குப்பையில் எறிந்தாள். ஒழுங்கு என்றால் இதுதான் ஒழுங்கு.

பதினோரு மணிக்கு லாடக்காரர் வந்தார். நாலு குதிரைக்கு லாடம் மாற்றினார். கறுப்புக் குதிரை அவரை உதைக்கப் பார்த்தது. பன்னிரண்டுக்கு வக்கீலம்மா வந்து, ஹெல்மெட்டில் இன்னும் வாடை அடிக்கிறது என்று அரைமணி நேரம் வாதாடினாள். ஒரு மணிக்கு லாயத்தம்மா எட்டு டிரம் மூடியையும் வெளியே குழாயடிக்குக் கொண்டுபோய் சோப்புப் போட்டு, தேய்த்து, கழுவி, வெயிலில் காயவைத்து, திரும்பக் கொண்டுவந்து மூடினாள். எட்டும் பளபளவென்று இருந்தன. ஒன்றிலும் ஒரு எழுத்து கிடையாது.

மத்தியானம் புதுத் தீவனம் வந்து இறங்கியது. வழக்கமாக அதைப் பிரித்து டிரம்மில் கொட்டுவது போஸ்ட்மாஸ்டரின் வேலை. அவர் டிரம்மைத் திறந்து பார்த்தார். நிறைந்திருந்தது. பேசாமல் மூடிவிட்டு, புது மூட்டையைப் பின்பக்க வராந்தாவில் மேசைமேல் ஏற்றி, தார்ப்பாய் போட்டு மூடிவைத்தார்.

சாயங்காலம் ஐந்தரைக்கு லாயத்தம்மா மறுநாளைக்கு ஊறவைக்க வந்தாள். டிரம்மைத் திறந்தாள். நிறைந்திருந்தது. வழக்கம்போல் அவர் கொட்டி வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். காலையில் அவள் கவிழ்த்த மூட்டை அவள் நினைப்பிலேயே இல்லை. கோபத்தில் செய்த காரியம் கோபத்தோடு போய்விட்டது. அந்த நேரம் பார்த்துப் போஸ்ட்மாஸ்டர் வாசலில் வந்து நின்றார். அவரைப் பார்த்ததும் அவளுக்குக் கோழி ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தால் சும்மா இருக்க முடியுமா? ஹெல்மெட்டில் ஆரம்பித்து, மணல் குழி, சேணம், ஆபீசர், வக்கீலம்மா என்று வரிசையாகப் பிடித்தாள். வாய் ஒரு பக்கம் வேலை செய்ய, கை ஒரு பக்கம் தீவனத்தை ஒரு சட்டி நிறைய அள்ளி வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றியது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றாள். அவர் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வாளியை மகாராணியின் கொட்டிலில் மாட்டினாள். நெற்றியைத் தடவி, இன்னும் மூன்று மணி நேரம்தான் கண்ணு, அப்புறம் உன் சாப்பாடு உனக்குத்தான் என்று சொல்லிவிட்டு, மற்றவற்றுக்குத் தீவனம் வைக்கப் போனாள். கால்மணி நேரம் ஆகியிருக்கும். திரும்பி வந்தால் கொட்டிலே தெரியவில்லை, கோழிதான் தெரிந்தது. வழக்கமாக மூன்று நாலு வரும். இன்றைக்கு ஊரே திரண்டு வந்திருந்தது. வாளிக்குள்ளேயே ரெண்டு இறங்கி நின்றன. ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு, கத்திக்கொண்டு, கல்யாணப் பந்தியில் கடைசி இலைக்கு அடித்துக்கொள்வதுபோல் அடித்துக்கொண்டன. மகாராணி ஓரமாக ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

லாயத்தம்மா துடைப்பத்தைச் சுழற்றிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். இறகு பறந்தது. ஆபீசர் பூட்ஸைக் கொத்தினார், ஒரு அடி வாங்கிக்கொண்டு போனார். எல்லாம் சிதறி ஓடியபிறகு வாளியைக் கழற்றிப் பார்த்தாள். அடியில் ஒரு கைப்பிடிதான் மிச்சம். சனியன்களே, இன்றைக்கு மட்டும் ஏன் இப்படி வெறி பிடித்து வந்தீர்கள் என்று திட்டிக்கொண்டே குனிந்தவளுக்கு மூக்கில் ஒரு வாடை ஏறியது. மகாராணியின் தீவனத்தில் எப்போதும் பாகு வாசனை அடிக்கும். இதில் கருவாட்டு வாடை அடித்தது.

அந்த இடத்திலேயே அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. மூட்டை, டிரம், சாக்பீஸ், சோப்பு, எல்லாம். சுவரைப் பிடித்துக்கொண்டு புருஷனைக் கூப்பிட்டாள்.

டாக்டருக்குப் போன் போட்டாள். லாயத்துக்கு வழக்கமாக வருகிற மாட்டு டாக்டர், குதிரையும் பார்ப்பவர். என்ன தீவனம், சாக்கில் என்ன எழுதியிருக்கிறது, படியுங்கள் என்றார். சாக்கு எங்கே இருக்கிறது? குப்பையில் இருக்கிறது. போஸ்ட்மாஸ்டர் தோள்வரை கையை விட்டுத் துழாவி, வாழைப்பழத் தோலுக்கு அடியில் இருந்து அதை இழுத்து எடுத்தார். சாக்கில் ஒட்டியிருந்த சீட்டைத் துடைத்து, பழைய பழக்கத்தில் எழுத்தெழுத்தாகப் படித்தார். வளரும் கோழிகளுக்கு. கழிச்சல் நோய் வராமலிருக்க மருந்து கலந்தது. அதற்குக் கீழே ரொம்பச் சின்ன எழுத்தில், குதிரைகளுக்குக் கொடுக்கக் கூடாது.

டாக்டர் போனில் அந்தக் கடைசி வரியை மறுபடியும் படிக்கச் சொன்னார். அப்புறம் சொன்னார், அந்த மருந்து கோழியை ஒன்றும் செய்யாது, குதிரைக்கு இதயத்தைத் தாக்கும். எவ்வளவு தின்றது என்பதுதான் கேள்வி. ரெண்டு மூன்று வாய் என்றால் பயமில்லை. வாளி முழுவதும் என்றால் இவ்வளவு வயதான குதிரைக்கு என்னால் உறுதி சொல்ல முடியாது. நான் வர முக்கால் மணி நேரமாகும், அதற்குள் எவ்வளவு தின்றிருக்கும் என்று எப்படியாவது கண்டுபிடித்து வையுங்கள், நடக்க விடாதீர்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

எப்படிக் கண்டுபிடிப்பது? வாளி காலி. மகாராணி வாயைத் திறந்து சொல்லப்போவதில்லை. லாயத்தம்மா குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். போஸ்ட்மாஸ்டர் வெளியே போனார், ஒரு கோழியோடு திரும்பி வந்தார். அவள் கையை இழுத்து, அதன் கழுத்துக்குக் கீழே நெஞ்சில் வைத்து அழுத்தினார். உள்ளே உருண்டையாக, கெட்டியாக, ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது.

"இரைப்பை. தின்னது முதல்ல இங்கதான் நிக்கும். எல்லாத்தையும் தொட்டுப் பார்த்துடலாம்" என்றார்.

அதற்கப்புறம் அந்த லாயத்தில் நடந்ததை வக்கீலம்மா மட்டும் பார்த்திருந்தால் ஆயுசுக்கும் சொல்லிச் சிரித்திருப்பாள். கோழியைக் கையால் தொட்டதே இல்லை என்று பெருமை பேசிய லாயத்தம்மா, சாணியிலும் சேற்றிலும் விழுந்து எழுந்து கோழி பிடித்தாள். வேலிக்கு அடியில் தவழ்ந்தாள். சற்றுமுன் துடைப்பத்தால் அடித்த கோழிகள் வருவேனா என்று ஓடின. வா கண்ணு, வாடி தங்கம் என்று கெஞ்சினாள். மகாராணியைத் தவிர வேறு யாருக்கும் இதுவரை கிடைக்காத தங்கம். பிடித்துப் பிடித்து நெஞ்சை அழுத்திப் பார்த்தாள். நிறைந்திருக்கிறது. இதுவும் நிறைந்திருக்கிறது. ஒவ்வொன்றும் நிறைந்திருக்க நிறைந்திருக்க அவளுக்கு மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. இவை தின்ற ஒவ்வொரு வாயும் மகாராணி தின்னாத வாய். நல்லா தின்னீங்களா, நல்லா தின்னீங்களா என்று கேட்டுக்கொண்டே ஓடினாள். ஹெல்மெட்டுக்குள் அடைகாத்துக்கொண்டிருந்த ஒன்றின் இரைப்பை மட்டும் காலியாக இருந்தது. உனக்கென்ன கேடு, நீ மட்டும் ஏன் போய்த் தின்னவில்லை என்று அதைப் பிடித்து உலுக்கினாள். கடைசியாக ஆபீசரை ரெண்டுபேரும் சேர்ந்து ஒரு மூலையில் மடக்கினார்கள். ஆபீசருக்குத்தான் எல்லாரையும்விடப் பெரிய உருண்டை.

டாக்டர் வந்ததும் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். பதினாறு இரைப்பை நிறைய, வைக்கோலில் சிந்திக் கிடந்தது, வாளியில் மிச்சம், எல்லாவற்றையும் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். ரெண்டு மூன்று வாய்க்கு மேல் போயிருக்காது என்றார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு, விஷத்தை உறிஞ்சுகிற கரித்தூள் கரைசல் இறக்கினார், ரத்தம் எடுத்தார், ஒரு வாரம் கொட்டிலை விட்டு வெளியே விடக் கூடாது, சாயங்காலம் மறுபடியும் வருகிறேன் என்றார். பிழைத்துக்கொள்ளும் என்றுதான் நினைக்கிறேன் என்றார். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டே போஸ்ட்மாஸ்டர் பக்கம் திரும்பினார். கோழி வளர்க்கிறவர் அவர்தானே. படித்த மனுஷன், குதிரைத் தீவனத்து டிரம்மில் கொண்டுபோய்க் கோழித் தீவனத்தைக் கொட்டலாமா, ஒரு உயிர் போயிருக்குமே என்று பிடிபிடியென்று பிடித்தார். போஸ்ட்மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

லாயத்தம்மா கொஞ்ச நேரம் வாயைத் திறக்கவில்லை. அதை மறைத்துச் சொல்வதில் பிரயோஜனமில்லை. அவர் திட்டு வாங்கட்டும் என்று ஒரு நொடி விட்டுவிட்டாள், ரெண்டு நொடியும் விட்டாள். மூன்றாவது நொடியில் அவளுக்கே அவமானமாகிவிட்டது.

"அவர் இல்ல டாக்டர். நான்தான் கொட்டினேன். நான்தான் ஊறவச்சேன்."

டாக்டர் அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பையை மூடிக்கொண்டு வண்டியைப் பார்க்கப் போனார். குடும்பஸ்தர் போலிருக்கிறது.

கொட்டிலில் ரெண்டுபேர்தான் இருந்தார்கள், மகாராணியையும் சேர்த்தால் மூன்று. லாயத்தம்மாவுக்கு ஒரு சந்தேகம் இடித்துக்கொண்டே இருந்தது. நேற்று மத்தியானம் புதுத் தீவனத்தை ஏன் டிரம்மில் கொட்டவில்லை என்று கேட்டாள். அதில்தான் கோழித் தீவனம் இருந்ததே என்றார்.

"அப்ப உங்களுக்குத் தெரியுமா? நான் அதுல அள்ளும்போது நீங்க வாசல்லதானே நின்னீங்க?"

"நின்னேன்."

"ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்ன." கொஞ்ச நேரம் குதிரையின் முதுகைத் தடவினார். "அப்புறம் நானே நினைச்சுக்கிட்டேன். மெலிஞ்சுபோன குதிரைக்குச் சதை பிடிக்க நீ வேணும்னுதான் அதைக் கொடுக்கற போலன்னு. இது விஷம்னு எனக்கென்ன தெரியும். குதிரை விஷயத்துல நான் வாய் திறக்கக் கூடாதே."

அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. குத்திக்காட்டத் தெரிந்த மனுஷனாக இருந்தால் அவளுக்குத் திருப்பிக் கொடுக்கத் தெரிந்திருக்கும். உள்ளதை உள்ளபடி சொன்னார். முப்பது வருஷமாக நாக்கு நுனியில் தயாராக இருக்கும் திட்டு அன்றைக்கு வரவில்லை. தன் வாயே தன் குதிரையைக் கொல்லப் பார்த்திருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"வேற ஏதாவது பார்த்துட்டுச் சொல்லாம இருக்கீங்களா?"

அவர் யோசித்தார். சொல்லலாமா வேண்டாமா என்று அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"கோழி இவ சாப்பாட்டைப் பிடுங்கித் தின்னல. இவ வாயில இருந்து கீழ விழறதைத்தான் தின்னுச்சு. இடப்பக்கம் மெல்ல மாட்டேங்கறா. தலையைச் சாச்சுக்கிட்டு மெல்றா, பாதி கீழ போகுது. புல்லையும் உருட்டி உருட்டித் துப்பறா. அந்தப் பக்கம் பல்லுல ஏதோ இருக்கு. ரெண்டு மாசமா பார்க்கறேன்."

ரெண்டு மாசம். அந்த ரெண்டு மாசமும் இந்தக் குதிரை பல்வலியோடு நின்றிருக்கிறது. அவள் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு கோழி விரட்டியிருக்கிறாள். லாயத்தம்மா எழுந்து மகாராணியின் இடது கன்னத்தில் மெல்லக் கையை வைத்தாள். குதிரை வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. தினமும் நெற்றியைத் தடவியவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்ததில்லை.

வெளியே வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. லாயத்தம்மா பூட்ஸோடு ஓடினாள். ஐம்பத்தாறு வயதில் அவ்வளவு வேகமாக ஓடி அவளை யாரும் பார்த்ததில்லை. டாக்டரின் வண்டி வாசல்வரை போய் நின்றுவிட்டிருந்தது. எதிரே கோழிக்காரர் சொன்ன நேரத்துக்குச் சரியாகக் கூண்டு வண்டியோடு வந்து வழியை அடைத்துக்கொண்டு நின்றார். எத்தனை ஏற்றணும் என்று சன்னல் வழியாகக் கேட்டார். ஒன்றும் ஏற்ற வேண்டாம் என்று அவள் கையை ஆட்டினாள். டாக்டர் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டாள், மூச்சு வாங்கியது. போகாதீர்கள், மகாராணியின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்க வேண்டும் என்றாள்.

பல்லில் என்ன, எத்தனை நாளாக, எந்தப் பக்கம் என்று டாக்டர் அடுக்கினார். லாயத்தம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடினாள். பின்னாலேயே மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்த புருஷனைக் கைகாட்டினாள்.

"எனக்குத் தெரியாது டாக்டர். அவரைக் கேளுங்க."

போஸ்ட்மாஸ்டர் வந்து நின்றார், அவளை ஒரு தடவை பார்த்துக்கொண்டார், தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் நாளில் இருந்து ஆரம்பித்தார். ரொம்ப நேரம் பேசினார். நடுவில் ஒரு இடத்தில் தேதியைத் தப்பாகச் சொன்னார். லாயத்தம்மா திருத்தவில்லை.